அரங்கை இடித்தார்கள், புத்தகத்தை விற்க விட்டார்கள்

கென்ய இலக்கியம் என்று பேச்செடுத்தால் மதிகாரி கதையைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை. தெரியாதவர்களுக்காக நானும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986இல் கூகி வா தியாங்கோ கிகூயு மொழியில் ஒரு நாவல் வெளியிட்டார். அதன் நாயகன் மதிகாரி. வெள்ளைக்காரனோடு காட்டில் வருடக்கணக்காகச் சண்டை போட்டு ஜெயித்து, ஆயுதத்தை மரத்தடியில் புதைத்துவிட்டு, இடுப்பில் சமாதானக் கச்சை கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறான். அங்கே அந்த வெள்ளைக்காரனின் மகனும், அவனிடம் எடுபிடியாக இருந்தவனின் மகனும் கூட்டாளிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். மதிகாரி ஊர் ஊராகப் போய், உண்மையும் நீதியும் இந்த நாட்டில் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறான். 1987 தொடக்கத்தில் உளவுத்துறைக்குத் தகவல் போகிறது: மதிகாரி என்று ஒருத்தன் சுற்றுகிறான், கேள்வி கேட்கிறான், விவசாயிகள் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். அதிபர் மோய் கைது செய்யச் சொல்கிறார். ஆள் கதையில் வருகிறவன் என்று பிறகுதான் தெரிகிறது. போலீஸ் கடை கடையாகப் போய்ப் புத்தகத்தை அள்ளிக்கொண்டு போகிறது. ஆங்கிலப் பதிப்பின் முன்குறிப்பில் கூகியே எழுதியிருப்பது இது.

நல்ல கதைதான். ஆனால் இதைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா எழுத்தின் வலிமையை" என்று முடிப்பவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. எழுதுகிறவர்களுக்கு இது பிடித்தமான கதை. அரசாங்கம் நம்மைப் பார்த்துப் பயப்படுகிறது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. கென்யாவில் அதிகாரம் எதைப் பார்த்துப் பயந்தது, எதைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

மதிகாரிக்கு ஒன்பது வருடம் முன்னால் போவோம். 1977 ஜூலையில் கூகியின் 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' ஆங்கிலத்தில் வந்தது. அதில் பூடகம் என்று எதுவும் கிடையாது. இல்மொரொக் என்ற வறண்ட ஊர். மழை பொய்த்துப்போக, ஊர்க்காரர்கள் தங்கள் எம்.பி.யைப் பார்க்க நைரோபிக்குக் கிளம்பிப் போகிறார்கள். அவருக்கு அவர்களைப் பார்த்ததும் வருவது இரக்கமில்லை, சந்தேகம்: எதிராளி தூண்டிவிட்ட கூட்டமோ? அந்தப் பயணம் செய்தியாகி, ஊருக்கு வளர்ச்சி வருகிறது. நெடுஞ்சாலை வருகிறது, வங்கி வருகிறது, கடன் வருகிறது, ஆலை வருகிறது. ஊர்க் கிழவிக்குப் பக்குவம் தெரிந்த தெங்கெட்டா என்ற நாட்டுச் சரக்கு கம்பெனிச் சரக்காகிறது. கடன் கட்டாத நிலத்தை வங்கி எடுத்துக்கொள்கிறது. நாவல் தொடங்கும்போதே ஆலையின் பெரிய மனிதர்கள் மூன்று பேர் தீயில் செத்திருக்கிறார்கள்.

அந்த நாவலில் ஏழைகளுக்காகப் பேசும் ஒரு வழக்கறிஞர் கொல்லப்படுகிறார். கென்யாவில் யாருக்கும் இதற்கு உரை தேவைப்பட்டிருக்காது. 1975 மார்ச்சில் ஜே. எம். கரியூக்கி என்ற எம்.பி. கொலையாகி, உடல் இங்கோங் மலைப்பக்கம் கிடைத்தது. பத்துக் கோடீஸ்வரர்களும் ஒரு கோடிப் பிச்சைக்காரர்களும் கொண்ட கென்யா நமக்கு வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்தவர் அவர். அதற்கும் முன்னால் 1965இல் பியோ காமா பின்டோ, 1969இல் டாம் ம்போயா என்று இரண்டு அரசியல் தலைவர்களைக் கொன்றிருந்தார்கள். சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருடத்துக்குள் இத்தனை.

இப்படிப்பட்ட நாவலை நைரோபியில் வெளியிட்டு வைத்தவர் யார் தெரியுமா? நாட்டின் நிதியமைச்சர் ம்வாய் கிபாக்கி. பின்னாளில் அதிபரும் ஆனவர். நாவல் கடைகளில் விற்றது, யாரும் தடுக்கவில்லை. அதே வருடக் கடைசியில், டிசம்பர் 31ஆம் தேதி விடிவதற்குள், கூகியைக் கைது செய்து கொண்டுபோனார்கள். இடையில் அவர் செய்தது ஒரு நாடகம்.

கமிரீத்து என்பது நைரோபிக்கு வடமேற்கே லிமுரு பக்கத்தில் இருக்கும் ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், ஒரு பாட்டா செருப்புத் தொழிற்சாலை. 1950களில் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் எழுச்சியை அடக்க, பிரிட்டிஷ்காரர்கள் மக்களை வீடுகளிலிருந்து கிளப்பி ஓரிடத்தில் அடைத்து உருவாக்கிய அவசரநிலைக் கிராமங்களில் ஒன்று. கூகியின் சொந்த ஊர். பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறைத் தலைவராக இருந்த அவரை 1976இல் ஒரு பெண்மணி வந்து பார்க்கிறார். நிறையப் படித்திருக்கிறாயாமே, புத்தகம் எல்லாம் எழுதுகிறாயாமே, அந்தப் படிப்பில் கொஞ்சம் ஊருக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார். ஒருமுறை கேட்டுவிட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து கேட்டாராம். தமிழ்நாட்டிலும் படித்துப் பெரிய ஆளாகி ஊருக்குப் போகும் எல்லோரும் எதிர்கொள்ளும் கேள்விதான். பெரும்பாலோர் கோயில் திருப்பணிக்கு நன்கொடை எழுதிவிட்டுத் தப்பித்துவிடுகிறோம்.

எழுத்தறிவு வகுப்பாகத் தொடங்கியது நாடகமாக வளர்ந்தது. கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் சேர்ந்து கிகூயுவில் ஒரு பிரதி எழுதினார்கள்: 'ங்ஙாஹிகா ந்தேண்டா', அதாவது 'எனக்கு வேண்டும்போது கல்யாணம் செய்துகொள்வேன்'. கதை எளியது. கிகூண்டா என்ற பண்ணைக் கூலிக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதன் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறான். முதலாளி கியோய் பெரிய பக்திமான். நீங்கள் தேவாலயத்தில் முறைப்படி கல்யாணம் செய்யவில்லை, அது பாவம் என்று கிகூண்டாவையும் மனைவி வாங்கேசியையும் நச்சரிக்கிறார். முதலாளி மகனோடு தங்கள் மகள் பழகுவதைப் பார்த்து, சம்பந்தம் அமையப்போகிறது என்று இவர்களும் நம்புகிறார்கள். நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, கேக்கு, துணிமணி என்று தடபுடல் செய்கிறார்கள். மகள் கர்ப்பமாகி நிற்கும்போது அந்தப் பையன் கைவிரிக்கிறான். நிலம் ஏலத்துக்குப் போகிறது. பூச்சிமருந்து ஆலை கட்ட அந்த நிலம்தான் முதலாளிக்கு வேண்டியிருந்தது.

இதில் அரசியல் கொலை கிடையாது, அமைச்சர் கிடையாது. 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' அளவுக்குக் காட்டமும் இல்லை. ஆனால் பிரதி ஊர் கைக்குப் போனதும் நிலைமை மாறியது. கிழவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள் என்று ஊர்க் கிழவர்களே வசனத்தைத் திருத்தினார்கள். கிதீரோ என்ற பழைய கல்யாணப் பாட்டுக்கூத்தை வயதான பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். காலை முழுக்கத் தேயிலை பறித்தவர்களும் செருப்பு ஆலையில் நின்றவர்களும் நடித்தார்கள். இரண்டாயிரம் பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கை ஊராரே கட்டினார்கள். ஒத்திகையும் ஊர் பார்க்கத்தான் நடந்தது. 1977 அக்டோபர் 2ஆம் தேதி முதல் காட்சி. வேறு ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள்.

நவம்பர் 16ஆம் தேதி காட்சிகளை நிறுத்திவிட்டார்கள். எப்படி நிறுத்தினார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இந்த வசனம் ராஜதுரோகம், இந்தக் காட்சி ஆபாசம் என்று எந்தத் தணிக்கை அதிகாரியும் உட்கார்ந்து சிவப்பு மையால் கோடு போடவில்லை. அந்த இடத்தில் மக்கள் கூடுவதற்குக் கொடுத்திருந்த உரிமத்தை ரத்து செய்தார்கள், அவ்வளவுதான். கூட்டம் சேர உரிமம் வாங்கச் சொல்லும் ஏற்பாடே வெள்ளைக்காரன் விட்டுப்போனது. ஆறு வாரம் கழித்துக் கூகியைப் பிடித்ததும் விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் சட்டத்தில். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர், அப்போது துணை அதிபராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்த மோய். அடைத்த இடம் காமிட்டி சிறை. 1957 பிப்ரவரியில் மாவ் மாவ் தலைவர் டெடான் கிமாதியைப் பிரிட்டிஷ்காரர்கள் தூக்கிலிட்ட அதே சிறை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 1980இல் அந்த நாடகம் கிகூயுவில் புத்தகமாக வந்தது. அதே வசனம், அதே மொழி. கடைகளில் விற்றது. யாரும் பறிமுதல் செய்யவில்லை.

கூகியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர் உட்பட, இதை மொழிப் பிரச்சினையாகவே விளக்குவார்கள். ஆங்கிலத்தில் திட்டினால் அமைச்சர் வந்து வெளியிடுவார், கிகூயுவில் திட்டினால் சிறை. கேட்பதற்கு எடுப்பாக இருக்கும் வாதம். 1962இல் உகாண்டாவின் மக்கேரேரே பல்கலைக்கழகத்தில் நடந்த ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டுக்கு, ஒன்றிரண்டு கதை மட்டும் வெளியாகியிருந்த மாணவனான தன்னை அழைத்தார்கள், ஸ்வாஹிலியின் மாபெரும் கவிஞர் ஷாபான் ராபர்ட்டை அழைக்கவில்லை என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் நாடகப் புத்தகம் விற்பனைக்கு வந்த விஷயம் இந்த விளக்கத்துக்குள் அடங்காது. மொழிதான் குற்றம் என்றால் புத்தகத்தையும் பிடித்திருக்க வேண்டுமே! இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், பக்கத்து ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "என் நிலமும் இப்படித்தான் போனது" என்று தலையாட்டியதுதான் பிரச்சினை என்று நான் நினைக்கிறேன். மொழி அதற்குக் கதவைத் திறந்துவிட்டது.

சிறையில் எழுதிய நாவல் இதை இன்னும் தெளிவாக்குகிறது. காமிட்டியில் கைதிகளுக்குக் கொடுத்த கழிவறைக் காகிதம் தண்டனைபோல முரடாக இருந்ததாம். உடம்புக்கு ஆகாத அது பேனாவுக்கு வசதியாக இருந்தது என்று கூகி எழுதுகிறார். ஏறக்குறைய முடிக்கும் நேரத்தில் சோதனை போட்டுத் தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சில வாரம் கழித்து ஓர் அதிகாரி, இதில் தப்பாக ஒன்றும் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். அந்த அதிகாரிக்கு இலக்கிய ரசனை இருந்ததா, படிக்கப் பொறுமை இல்லையா என்பது சுவாரசியமான கேள்வி. முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா 1978 ஆகஸ்டில் இறந்த பிறகு, டிசம்பர் 12, சுதந்திர தினத்தன்று கூகி வெளியே வந்தார். பல்கலைக்கழக வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த நாவல்தான் தமிழில் அமரந்தா, சிங்கராயர் மொழிபெயர்ப்பில் வந்த 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. வரவர ராவ் அதைத் தெலுங்கில் மொழிபெயர்த்ததும் சிறையில் இருந்தபடிதான். குகைக்குள் திருடர்களுக்கும் கொள்ளையர்களுக்கும் போட்டி நடக்கிறது. வெளிநாட்டுத் திருடர் சங்கத்துப் பிரதிநிதிகள் நடுவர்கள். உள்ளூர்த் திருடர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தங்கள் திறமையைப் பறைசாற்றுகிறார்கள். ஒருவர், மண்ணைச் சட்டியில் அளந்து விற்கலாம், காற்றையும் விற்கலாம் என்கிறார். இன்னொருவர், தொழிலாளிகளின் ரத்தத்தையும் வியர்வையையும் குழாய் வழியாக உறிஞ்சி ஏற்றுமதி செய்யும் திட்டம் வைத்திருக்கிறார். தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படித்தபோது எனக்கு இது ரொம்ப நீளம் என்று தோன்றியது. ஒவ்வொரு திருடனும் பக்கம் பக்கமாகப் பேசுகிறான், சொன்னதையே திரும்பச் சொல்கிறான். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து போவதை அச்சில் படிப்பதுபோல இருந்தது.

கென்யாவில் அதை அப்படிப் படிக்கவே இல்லை. வீட்டில் எழுத்துத் தெரிந்த பிள்ளை சத்தமாகப் படிக்க, குடும்பம் சுற்றி உட்கார்ந்து கேட்டது. ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். மதுக்கடைகளில் இதற்கென்றே தொழில்முறை வாசிப்பாளர்கள் முளைத்தார்கள். கதை உச்சத்துக்குப் போகும் இடத்தில் நிறுத்தி, தன் கிளாஸ் காலியாக இருப்பதைப் பார்ப்பாராம் வாசிப்பாளர். யாராவது ஒரு ரவுண்டு வாங்கிக் கொடுத்தால்தான் அடுத்த பக்கம். திருடர்களின் நீண்ட பேச்சுகள் அந்தச் சபைக்கு எழுதப்பட்டவை. மதிகாரி பேச்சு உளவுத்துறை காதுவரைக்கும் போனதும் இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும். தனியாகப் படித்துவிட்டு மூடிவைக்கிற ஆள் வதந்தி பரப்ப மாட்டான்.

இதே விஷயத்தை ஸ்வாஹிலிக் கவிதையில் பார்க்கலாம். அப்திலத்தீஃப் அப்தல்லா மொம்பாசாக்காரர். 1968இல், 22 வயதில், 'கென்யா, எங்கே போகிறோம்?' என்று ஒரு துண்டறிக்கை எழுதினார். எதிர்க்கட்சியை ஒடுக்குகிற ஆட்சியைப் பற்றிய நேரடியான பேச்சு. கையிலிருந்து கைக்குப் போகும் காகிதம். ராஜதுரோகக் குற்றம், மூன்று வருடச் சிறை. பெரும்பாலும் தனிமைச் சிறை. கூகிக்குச் சில வருடம் முன்பே அவரும் கழிவறைக் காகிதத்தில்தான் எழுதினார். தாள்கள் ரகசியமாக வெளியே போயின. 1973இல் 'சவுத்தி யா திகி', வேதனையின் குரல், என்ற தொகுப்பாக அவை வந்தன. அப்திலத்தீஃப் புதுக்கவிதைக்காரர் இல்லை. அடிக்கு இத்தனை அசை, நடுவிலும் கடைசியிலும் இயைபு என்று பழைய ஸ்வாஹிலி யாப்பில் எழுதுகிறவர். அதில் முதலையிடம் பேசும் கவிதை ஒன்று இருக்கிறது. ஆற்றில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இறுமாந்திருக்கும் முதலை யார் என்று கேட்க வேண்டியதில்லை.

1974இல் அந்தத் தொகுப்புக்கு ஒரு விருது கிடைத்தது. விருதின் பெயர் ஜோமோ கென்யாட்டா இலக்கியப் பரிசு. யார் ஆட்சியை எதிர்த்து எழுதியதற்காக உள்ளே போனாரோ, அவர் பெயரிலேயே பரிசு! கற்பனைக் கதையில் இதை எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். துண்டறிக்கைக்கு மூன்று வருடம், கவிதைப் புத்தகத்துக்குப் பரிசு. இரண்டும் ஸ்வாஹிலிதான்.

ஆங்கிலத்தில் எழுதியவர்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1976 அக்டோபரில் நைரோபியின் தேசிய அரங்கில் இரண்டு ஆங்கில நாடகங்கள் நடந்தன. ஒன்று, கூகியும் மிசேரே கிதாயி முகோவும் எழுதிய கிமாதி விசாரணை பற்றியது. இன்னொன்று ஃபிரான்சிஸ் இம்புகாவின் 'பிட்ரேயல் இன் தி சிட்டி'. இம்புகா கஃபிரா என்று ஒரு கற்பனை நாட்டை வைத்து, பைத்தியக்கார அதிபர், ஜால்ரா அமைச்சர்கள், சிறையிலிருந்து கிளம்பும் நாடகத்துக்குள் நாடகம் என்று சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தார். 1977 லாகோஸ் கலைவிழாவுக்கு இரண்டையும் கென்யாவின் சார்பில் அனுப்பினார்கள். இம்புகாவின் நாடகம் பிறகு பள்ளிப் பாடப் புத்தகமாகவே ஆயிற்று. கிமாதி நாடகம் முடிந்தபோது பார்வையாளர்கள் நடிகர்களோடு சேர்ந்து பாடி ஆடிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் முகம் மாறியது. இம்புகா புத்திசாலி. கற்பனைப் பெயர் வைத்தால் எல்லோரும் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அதிபர்கூடத் தன்னைச் சொல்லவில்லை என்று நம்பிக்கொள்ளலாம். பாடத்திட்டத்தில் வைத்துப் பத்து மதிப்பெண் கேள்வியாக மாற்றினால் எந்த நாடகமும் சாதுவாகிவிடும் என்பது வேறு விஷயம்.

தாய்மொழியில் எழுதினாலே விடுதலை என்பதில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கென்யாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். கிகூயு அவற்றில் ஒன்று. பேசுகிறவர்கள் அதிகம், முதல் அதிபரின் மொழியும் அதுதான். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு நடந்த வன்முறையில் 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இனப்பகையைத் தூண்டியதாகப் பல தாய்மொழி எஃப்.எம். நிலையங்கள்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. ஒரு வானொலி அறிவிப்பாளர் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம்வரை போனார். 2016இல் அந்த வழக்கு கைவிடப்பட்டது. தாய்மொழி ஆட்களைக் கூட்டும். கூட்டி எங்கே கொண்டுபோகும் என்பது தாய்மொழி தீர்மானிப்பதில்லை.

இந்தச் சங்கடம் கூகிக்கே முன்னால் உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். 1982இல் கமிரீத்துக் குழு தயாரித்த அடுத்த நாடகம் 'மைத்து ஞுகிரா', 'அம்மா, எனக்காகப் பாடு'. 1930களின் காலனியக் கொடுமைகளைப் பற்றியது. எட்டுக் கென்ய மொழிகளின் பாடல்களை அதில் வைத்தார்கள். ஒரே இனத்து நாடகம் என்று சொல்ல முடியாதபடி செய்தார்கள். தேசிய அரங்கில் போட இடம் கேட்டுப் போனால் கதவு பூட்டியிருந்தது. பல்கலைக்கழக அரங்கில் ஒத்திகை என்ற பெயரில் நடத்தினார்கள். ஒத்திகை பார்க்க ஆயிரக்கணக்கில் வந்து படியிலும் ஜன்னலிலும் தொற்றிக்கொண்டு நின்றார்கள். அதுவும் தடையானது. 1982 மார்ச்சில் போலீஸ் லாரிகளில் போய் கமிரீத்து அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கியது. முதல் நாடகத்துக்கு உரிமம்தான் போயிற்று. பல இனங்களைச் சேர்த்த நாடகத்துக்கு அரங்கே போயிற்று. கூகி அந்த வருடம் நாட்டை விட்டு வெளியேறியவர்தான், 22 வருடம் கழித்துத்தான் திரும்பக் கால் வைத்தார்.

மோய் ஆட்சி எப்படி இருந்தது என்று சொல்ல ஒரே பேச்சு போதும். 1984 செப்டம்பரில், அமைச்சர்கள் முதல் எல்லோரும் தன் பின்னால் கிளிப்பிள்ளைபோலப் பாட வேண்டும் என்று அதிபர் வெளிப்படையாகவே சொன்னார். 1986இல் பிடித்து உள்ளே போட்டவர்களில் வஹோமே முத்தாஹி ஒருவர். ஞாயிறு நாளிதழில் 'விஸ்பர்ஸ்' என்ற நகைச்சுவைப் பத்தி எழுதியவர். மனைவிக்கு 'தாட்சர்' என்று பெயர் வைத்துக்கொண்டு, சம்பளம் பற்றாத குடும்பஸ்தனின் புலம்பலாக நாட்டு நடப்பை எல்லாம் சொல்லிவிடுவார். பதினைந்து மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர், 1990களில் என்ன செய்தார் தெரியுமா? கிகூயுவில் நாடகம் எழுதி மதுக்கடைகளில் போட்டார். அரங்கம் தேவையில்லை, டிக்கெட் வாங்கியவர் பீரோடு உட்கார்ந்து பார்க்கலாம். 'சிலுவையில் தொங்கும் சாத்தானை' மதுக்கடையில் வாசித்தவர்களின் வாரிசு இவர். இலக்கிய வரலாறுகளில் இவருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. பத்தி எழுத்தாளர், ஜனரஞ்சகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2003இல் பின்யாவாங்கா வைனைனா தொடங்கிய 'க்வானி?' இதழ், 2014இல் வந்த இவான் அடியாம்போ ஒவுவோரின் 'டஸ்ட்' நாவல் எல்லாம் வேறு காலம், வேறு வாசகர்கள். கென்யாவின் ஆட்சிமொழிகள் ஆங்கிலம், ஸ்வாஹிலி, மௌனம் என்று ஒவுவோர் எழுதிய வரியை மேற்கோள் காட்டாதவர்கள் இல்லை. அழகான வரி. அரசாங்கம் அதனால் ஒரு நிமிடமும் தூக்கம் இழக்கவில்லை.

தூக்கம் இழந்தது 2025 ஏப்ரலில், ஒரு பள்ளி நாடகத்தால். புட்டேரே பெண்கள் பள்ளி மாணவிகள் 'எக்கோஸ் ஆஃப் வார்' என்ற நாடகத்தைத் தேசியப் பள்ளி நாடக விழாவுக்குத் தயார் செய்திருந்தார்கள். எழுதியவர் முன்னாள் செனட்டர் க்ளியோஃபஸ் மாலாலா. ஒரு கற்பனை சுல்தானகம், அதை எதிர்த்துக் கேள்வி கேட்கும் இளைஞர்கள். முந்தைய வருடம் ஜூனில் வரி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்திருந்தார்கள். எனவே எந்த சுல்தானகம் என்று யோசிக்க வேண்டியதில்லை. விழாவிலிருந்து நாடகத்தை நீக்கினார்கள், உயர் நீதிமன்றம் நடத்த அனுமதி கொடுத்தது. மாணவிகள் விழா நடந்த நகுருவுக்கு வந்தபோது மாலாலாவைப் போலீஸ் பிடித்துவைத்திருந்தது. பார்வையாளர்களையும் அரங்கத்துக்குள் விடவில்லை, கண்ணீர்ப்புகை வீசினார்கள். மாணவிகள் தேசிய கீதத்தைப் பாடிவிட்டு நடிக்காமல் திரும்பிப் போனார்கள். 2013லும் இதே பள்ளி, இதே எழுத்தாளர், வேறு நாடகம். அப்போதும் தடை, அப்போதும் நீதிமன்றம்தான் அனுமதி வாங்கிக் கொடுத்தது.

கவனியுங்கள், இம்புகாவின் பழைய உத்தியான கற்பனை நாடு இந்த முறை காப்பாற்றவில்லை. அந்த நாடகத்தை அச்சிட்டு நூலகத்தில் வைத்திருந்தால் கண்ணீர்ப்புகை எதற்கு?

அதற்கு ஏழு வாரம் கழித்து, மே 28ஆம் தேதி, அமெரிக்காவில் கூகி இறந்தார். 87 வயது. அஞ்சலிக் குறிப்புகளில் மதிகாரி கதைதான் மறுபடியும் வந்தது. கமிரீத்துவும் வந்தது. 1967இல் வந்த 'எ கிரெய்ன் ஆஃப் வீட்' பற்றி ஒரு வரிக்குமேல் எழுதியவர்கள் குறைவு. எனக்கு அவருடைய படைப்புகளிலேயே மேலானது அதுதான். ஆங்கிலத்தில் எழுதியது, யாரும் தடை செய்யாதது, யாரையும் தெருவுக்கு அழைத்து வராதது.

சுதந்திரத்துக்கு முந்தைய நாலைந்து நாட்கள். தபாய் என்ற கிராமம். மூகோ என்ற தனிமனிதனை ஊர் தியாகியாக நினைக்கிறது. வெள்ளைக்காரனின் தடுப்பு முகாமில் அடிபட்டும் வாயைத் திறக்காதவன். சுதந்திர நாள் விழாவில் அவன்தான் பேச வேண்டும் என்று கெஞ்சுகிறார்கள். போராளி கிஹிகாவைக் காட்டிக்கொடுத்தவனே அவன்தான் என்று வாசகனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. கெட்டவன் என்று ஒதுக்கவும் முடியாது. தன்னை யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும் என்று நினைத்த ஆள். அவன் குடிசைக்குள் ஒரு ராத்திரி வரலாறு வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னொரு பக்கம் தச்சன் கிகோன்யோ, வெள்ளைக்காரனின் தோட்டத்தை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கக் கடன் ஏற்பாடு செய்யச் சொல்லி எம்.பி.யிடம் நடையாய் நடக்கிறான். எம்.பி. அந்தத் தோட்டத்தைத் தானே வாங்கிவிடுகிறார். கொடி ஏறுவதற்கு முன்பே நிலம் கை மாறிவிட்டது. இந்த இரண்டு மூன்று பக்கத்தில் இருக்கும் விமர்சனம் 'சாத்தான்' நாவலின் குகை முழுக்க இருப்பதைவிடக் கூர்மையானது என்பேன்.

மூகோவின் கதையைக் கமிரீத்து மேடையில் போட்டிருக்க முடியுமா? இரண்டாயிரம் பேர் கூடி, நம்மை ஏமாற்றியவன் அதோ இருக்கிறான் என்று கைநீட்டலாம். நம்மில் யார் யார் காட்டிக்கொடுத்தோம் என்று இரண்டாயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்து கேட்டுக்கொள்வது கஷ்டம். அதற்கு விளக்கு வெளிச்சத்தில் தனியாக ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறது. கூகி பின்னாளில் இந்த வகை எழுத்தை விட்டு விலகியதற்கு அவரளவில் காரணம் இருந்தது. ஊர்ப் பெண்மணி கேட்ட கேள்விக்கு இந்த நாவல் பதில் ஆகாது. ஒரு வாசகனாக எனக்கு அது இழப்புதான்.

தமிழில் கூகியைப் படிக்க நினைப்பவர்கள் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' கிடைத்தால் எடுங்கள். ஆனால் தனியாகப் படிக்காதீர்கள். குகைப் போட்டி அத்தியாயத்தையாவது நாலு பேரை உட்காரவைத்து, குரலை மாற்றி மாற்றிச் சத்தமாகப் படியுங்கள். 'எ கிரெய்ன் ஆஃப் வீட்' நாவலை ஆங்கிலத்தில் படிக்க முடிந்தால், அதை மட்டும் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம்.